நீர் இல்லாத மொழி

ஆய்வுக்கூடத்துக்குப் போன முதல் நாள் பேராசிரியை கதவடிக்கே வந்து கை நீட்டினார். தன் முதற்பெயரை மட்டும் சொன்னார். குடும்பப் பெயரைக் கதவில் இருந்த பலகையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். பிறகு, பெரிய பரிசு ஒன்றைக் கையில் தருகிறவர் போலச் சிரித்துக்கொண்டு, "இங்கே நாங்கள் எல்லாரும் டூதான்" என்றார்.

நான் தலையாட்டினேன். எங்கள் ஆட்கள் தலையாட்டினால் அது ஓமா இல்லையா என்று எங்களுக்கே சில வேளை தெரியாது. அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். எனக்குக் கிடைக்கவிருந்த வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது. போனது எனக்கு விளங்கப் பல மாதம் எடுத்தது, அவ்வளவுதான்.

ஜேர்மன் மொழியில் எதிரே நிற்கிற ஆளைக் குறிக்க இரண்டு சொல். டூ என்றால் நீ. ஸீ என்றால் நீங்கள். கடைக்காரர், டொக்டர், வீட்டுச் சொந்தக்காரர் எல்லாம் ஸீ. குடும்பம், கூட்டாளிமார், நாய், கடவுள் எல்லாம் டூ. மேலே இருக்கிறவர் ஒரு நாள் மனம் வைத்து "இனி நாங்கள் டூ" என்று சொன்னால் அது ஒரு கௌரவம். மறுக்க முடியாது. மறுத்தால் கொடுத்த தேநீரை அவர் முன்னாலேயே கழுவுதொட்டியில் ஊற்றியதற்குச் சமம்.

யாழ்ப்பாணத்துத் தமிழில் இதற்கு மூன்று சொல் இருக்கின்றன. நீ, நீங்கள், இரண்டுக்கும் நடுவில் நீர். நீர் என்பது ஒரு நாகரிகம். மனைவிக்கு நீர். கூட வேலை செய்கிறவருக்கு நீர். வளர்ந்துவிட்ட மாணவனுக்கு வாத்தியார் நீர் என்பார். மரியாதையும் குறையாது, ஆளும் தூரப் போகாது. வாழ்க்கையில் நாம் சந்திக்கிற மனிதரில் பெரும்பாலானோர் நீர் ஆட்கள்தான். ஜேர்மன்காரர் உலகத்துக்கே கார் செய்து அனுப்பினார்கள். இந்தச் சின்ன உதிரிப்பாகத்தை மட்டும் செய்ய மறந்துவிட்டார்கள்.

பேராசிரியை என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் பேராசிரியை. நீ என்று சொல்ல என் நாக்கு எழும்பாது. நீங்கள் என்று சொல்ல அவர் விடமாட்டார். நீர் இந்த நாட்டில் கிடையாது. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பயிலுநராக, முன்னிலைப் பெயர் எதுவும் இல்லாமல் நான் கதிரையில் போய் இருந்தேன்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன்பு சமையலறை அலுமாரி செய்யும் ஒரு நிறுவனத்தில் களஞ்சியக் கணக்குப் பார்க்கும் நிரல்களை எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய கணினி மொழியை உலகத்தில் வேறு யாரும் எழுதாத காலம் வந்தது. நிறுவனம் கைமாறியது. புதிய முதலாளி தன்னுடைய மென்பொருளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மென்பொருளுக்கும் எனக்கும் சேர்த்து அங்கே இடம் இருக்கவில்லை, போனது நான். வேலையற்றோர் அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்த அலுவலர் அம்மா மிகவும் நல்லவர். "உம்ஷூலுங்" என்றார். வளர்ந்த மனிதனைத் திரும்பவும் பள்ளிக்கூடம் அனுப்பி வேறு தொழில் பழக்குவதற்கு இங்கே அந்தப் பெயர். தரவுகளை ஆராயும் வகுப்பு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். வகுப்பின் முடிவில் எங்காவது ஓர் இடத்தில் போய் வேலை பழகவேண்டும். தலை நரைத்த பயிலுநரை யாரும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி உயிரியல் ஆய்வுக்கூடம் சரி என்றது.

அந்த மின்னஞ்சலின் கடைசி வரியை என் மனைவி குசினியில் நின்று உரத்து வாசித்தாள். ஆய்வுக்கூடத்தின் தரவுகளைப் பராமரிக்க ஓர் அரைநேர வேலை வரப்போகிறது, எல்லாம் பொருந்தி வந்தால் அதுபற்றிக் கதைக்கலாம் என்று எழுதியிருந்தது.

"பொருந்தி வந்தால் எண்டால் என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"கலியாணம் பேசுற மாதிரி. சாதகம் பார்க்கப் போகினம்."

"உங்கடை சாதகத்தைப் பார்த்து நானே ஏமாந்தனான். அதுகள் படிச்ச சனம், ஏமாறாது."

சிரித்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். இது பொருந்தாவிட்டால் அடுத்தது நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பார்சல் களஞ்சியம். என் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், பாரம் தூக்கும் வேலையை நினைத்தும் பார்க்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். நினைத்துப் பார்ப்பதை நான் நிறுத்தியிருந்தேன். பார்சல் களஞ்சியம்தான் என்னை நினைப்பதை நிறுத்தவில்லை.

நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம் என்று சொல்லப்படுகிறது. சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்கவும். ஜேர்மன் ரயிலைப் பற்றி அதற்கு மேல் யாரும் பொறுப்பெடுத்துச் சொல்லமாட்டார்கள்.

வெள்ளை அங்கி, கண்ணாடிக் குழாய், நுணுக்குக்காட்டி என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இருந்தவை மேசைகள், திரைகள், கோப்பி மெஷின், யன்னலடியில் ஒரு செடி. அந்த அறையில் உயிரியல் என்று சொல்லத்தக்கது அந்தச் செடி ஒன்றுதான். அதற்கும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கிற தொட்டிகளுக்குள் வாழும் பக்டீரியாக்கள்தான் எங்கள் ஆராய்ச்சி. எங்கோ ஒரு பண்ணையில் யாரோ சப்பாத்தை நனைத்துக்கொண்டு சாணத்தை அள்ளுவார்கள். வேறெங்கோ ஒரு இயந்திரம் அதிலுள்ள பக்டீரியாக்களின் மரபணுவை வாசிக்கும். எங்களிடம் வந்து சேரும்போது அது நாலே நாலு எழுத்தாக இருக்கும். அந்த நாலு எழுத்தும் மாறி மாறி, முடிவில்லாமல். தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அவ்வளவையும் வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டதில்லை. பக்டீரியா நாலு எழுத்தில் பிள்ளை குட்டியோடு நன்றாக வாழ்கிறது.

வேலை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அலுமாரிக் கதவை எண்ணுவதும் மரபணுவை எண்ணுவதும் கணினிக்கு ஒன்றுதான். கஷ்டம் கோப்பி மெஷினடியில் இருந்தது.

"கோப்பி குடிக்கிறாயா?" என்று பேராசிரியையைக் கேட்கவேண்டும். முடியாது. ஆகவே, "கோப்பி குடிக்கப்படுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "குடிக்கப்படும்" என்றார். பகிடி என்று நினைத்துவிட்டார். அன்று எனக்கு ஒரு புதிய கண்டம் அகப்பட்டது. செயப்பாட்டுவினை. அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, ஒருவருமே இல்லை. காரியம் மட்டும் தானாக நடக்கும். பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடத்துக்கு நான் வாங்கிய அடியெல்லாம் இந்த நாளுக்காகத்தான் என்று தோன்றியது. "நேற்றைய மின்னஞ்சல் பார்க்கப்பட்டதா?" "யன்னல் திறக்கப்பட்டால் நல்லது." "திங்கட்கிழமை கூட்டம் நடத்தப்படுகிறதா?" ஆய்வுக்கூடத்தில் எல்லாருடனும் இப்படியே கதைத்தேன். பேராசிரியைக்கு ஒரு மாதிரியும் மற்றவர்களுக்கு இன்னொரு மாதிரியும் கதைத்தால் விஷயம் வெளியே வந்துவிடும் அல்லவா.

என் பக்கத்து மேசையில், டொக்டர் பட்டத்துக்குப் படிக்கிற உயரமான ஒரு இளைஞர் இருந்தார். வீட்டில் இருப்பதுபோலக் காலுறையோடு நடப்பார். ஒரு நாள் மனைவி தொலைபேசியில் எதையோ நீளமாகச் சொல்ல, நான் "ஓம்... ஓம்... ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் நுனிக்காலில் அறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். தியானத்தைக் குழப்பக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு அங்கே ஆழமான மனிதர் என்று ஒரு பெயர். நான் சுற்றி வளைத்துக் கதைப்பதும் அந்த ஆழத்தின் கணக்கில் சேர்ந்தது. திருத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு "நீ நினைப்பது பிழை" என்று சொல்லவேண்டும்.

வீட்டில் என் மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள். அவள் கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள். வேலை பழகுவதில் எனக்கு ஒரு வருடம் சீனியர். நான் பேராசிரியையுடன் தொலைபேசியில் கதைத்ததைக் கேட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, நீங்கள் ரயில் ஸ்டேஷனிலை அறிவிக்கிற மாதிரிக் கதைக்கிறியள். 'பயணிகள் மன்னிக்கும்படி கேட்கப்படுகிறார்கள்.' அவ உங்களை விசர் எண்டு நினைப்பா."

"மரியாதையாக் கதைக்கிறன்."

"அது மரியாதை இல்லை, ஒளிச்சு விளையாட்டு. டூ எண்டு சொல்லுங்கோவன். என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ பாப்பம்."

"உன்னைப் பார்த்துச் சொல்ல ஏலும். நீ என்ரை பிள்ளை."

"அப்ப அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கோ."

"என்னை ஏன் இழுக்கிறாய்?" என்றாள் மனைவி. "நான் பேசாமல் கத்தரிக்காய் வெட்டுறன்."

நான் மனைவியைப் பார்த்தேன். "டூ..." என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"என்ன டூ? பொலிஸ்காரன் களவெடுத்தவனைக் கூப்பிட்ட மாதிரிக் கிடக்கு. இவ்வளவு காலமும் 'இஞ்சாரும், இஞ்சாரும்' எண்டு கூப்பிட்ட மனுசன், இப்ப ஜேர்மனிலை என்னை நீ எண்டுறார். வேலை கிடைக்க முந்தியே பாத்தியே பிள்ளை, தலைக்கனத்தை?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகள் கோபம் போட்டால் 'டூ' விடுவார்களாம் என்று படத்தில் பார்த்ததை நான் சொன்னேன். ஒரே சத்தம், இங்கே சிநேகிதம் தொடங்குகிற சொல், அங்கே முடிகிற சொல்.

"இங்கையும் முடியும்," என்றாள் மனைவி. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். "எங்கடை வேலையிலை ரெண்டு பேர் டூ எண்டு கதைச்சுக்கொண்டிருந்தவை. என்னவோ கொளுவுப்பட்டு, திரும்ப ஸீ போட்டுக் கதைக்கத் தொடங்கிட்டினம். ஒருத்தரும் கத்தேல்லை, ஒண்டுமில்லை. ஆனா அது விவாகரத்து மாதிரி. குடுத்த டூவைத் திருப்பி எடுத்தால் பிறகு அங்கை ஒண்டும் இல்லை."

கத்தரிக்காய் வெட்டி முடிந்தது. நானும் மெல்லப் பழகுவதாகச் சொன்னேன். மெல்ல என்றதுதான் பிழை.

இலையுதிர் காலத்தில் ஆய்வுக்கூடத்தின் சேமிப்பகம் நிரம்பிவிட்டது. தேவையில்லாத கோப்புகளை எல்லாரும் துப்புரவாக்கவேண்டும் என்று பேராசிரியை எழுதியிருந்தார். தரவுகளைப் பராமரிப்பதுதானே நான் எதிர்பார்த்திருந்த வேலை. இதில் கெட்டித்தனத்தைக் காட்டவேண்டும் என்று புறப்பட்டேன். 'பழையது' என்று பெயரிட்ட பெரிய கோப்புறை ஒன்று கண்ணில் பட்டது. யாருடையது, எதற்கு என்று தெரியவில்லை. அழிக்கலாமோ என்று உயரமானவரைக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று கோப்பி மெஷினடிக்குப் போனேன். அவர் பாணை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

தமிழில் கேள்வி கேட்பதற்கு ஒரு 'ஓ' போதும். அழிக்கலாம் என்றால் தீர்ப்பு. அழிக்கலாமோ என்றால் பணிவான கேள்வி. குரலை உயர்த்தத் தேவையில்லை, உயர்த்தினால் பண்பில்லை. ஜேர்மனில் அந்த ஓ இல்லை. வசனத்தின் வினைச்சொல்லைத் தூக்கி முன்னுக்குப் போடவேண்டும், அல்லது கடைசியில் குரலைத் தூக்கவேண்டும். நான் இரண்டையும் தூக்கவில்லை. மனதுக்குள் ஓ போட்டுவிட்டு, வெளியே மிகவும் அமைதியாக, "பழையது என்ற கோப்புறை அழிக்கப்படலாம்" என்றேன்.

"சரி," என்றார் அவர்.

சரி, பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் என்று நான் நினைத்தேன். தரவுகளைப் பார்க்கிற ஆழமான மனிதர் முடிவெடுத்துவிட்டார் என்று அவர் நினைத்தார். பாணைச் சாப்பிட்டு முடித்து, மேசைக்குப் போய், அழித்தார்.

அது பேராசிரியையின் கோப்புறை. பழையது என்று பெயர் வைத்திருந்தாரே ஒழிய உள்ளே இருந்ததெல்லாம் புதியது. பெரிய கணினிகள் வாரக்கணக்காகக் கணக்கிட்டு வைத்திருந்த விடைகள். அவற்றை வைத்துத்தான் மாதக் கடைசிக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை அனுப்பப்பட இருந்தது. திரும்பக் கணக்கிடலாம், ஆனால் அந்தக் கணினிகளுக்கு வரிசையில் நின்று, அதற்குள் முடியாது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியை கேட்டார்: "அழிக்கச் சொன்னது யார்?"

உயரமானவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான். "அழிக்கப்படலாம் என்று இவர் சொன்னார்."

"இல்லை," என்றேன் நான். "கேட்கப்பட்டது."

"என்ன?"

"அழிக்கப்படலாமா என்று கேட்கப்பட்டது."

"யாரால்?" என்றார் பேராசிரியை.

எனக்கு அந்த நேரத்திலும் "என்னால்" என்று சொல்லத்தான் வந்தது. சொன்னேன். இலக்கணம் பிழையில்லாமல் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கத்தவும் இல்லை. இந்த நாட்டில் கத்தாததுதான் பயம். பேராசிரியை தன் பேனையை மேசையில் நேராக வைத்தார். இது தொடர்பாடல் பற்றிய விடயம் என்றார். அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

அன்று இரவே நான் டூவைத் துணிந்து பழகத் தொடங்கினேன். கண்ணாடிக்கு முன்னால். மகளோடு. சோற்றுப் பானையோடு. வழிவழியாக வந்த நீங்களை நாக்கிலிருந்து பிடுங்குவது பல் பிடுங்குவது மாதிரித்தான், விறைப்பூசிதான் இல்லை. இரண்டு கிழமை கழித்து, பயிற்சி முடியும் தறுவாயில், பேராசிரியை எனக்கு ஒரு டெர்மின் அனுப்பினார், வந்து சந்திக்கச் சொல்லி நாளும் நேரமும் குறித்து. எதுபற்றி என்று எழுதியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எதுபற்றி என்று தெரியும்.

"உள்ளுக்குப் போனவுடனை முதல் நீங்கள் கதையுங்கோ," என்றாள் மகள். "எப்பிடி இருக்கிறாய் எண்டு டூ போட்டுக் கேளுங்கோ. அதோடை அவவுக்கு விளங்கியிடும் அப்பா மாறியிட்டார் எண்டு."

ரயிலில் யன்னலைப் பார்த்து, "எப்படி இருக்கிறாய் நீ?" என்று மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதிரே இருந்த வயதான பெண்மணி புத்தகத்தை இறக்கி, "முழங்கால்தான் சரியில்லை," என்றார். இந்த நாட்டில் என் டூவுக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அது.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். மூச்சைப் பிடித்தேன். "எப்படி இருக்கிறாய் நீ?" என்றேன். அதே கணத்தில் பேராசிரியை எழுந்து நின்று, "வாருங்கள், உட்காருங்கள்" என்றார். ஸீ போட்டு.

ஒடுங்கிய நடைபாதையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒரே பக்கம் விலகுவார்களே, அப்படி நின்றோம். அவர் முகம் சிவந்தது. என் முகம் சிவக்கிற நிறமில்லை, அது ஒரு ஆறுதல்.

"மன்னியுங்கள்," என்றார். "அண்மையில் ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தேன். வேற்றுப் பண்பாட்டிலிருந்து வருகிறவர்களோடு வேலை செய்வது பற்றி. அப்போதுதான் யோசித்தேன். இவ்வளவு நாளும் நீங்கள் ஒரு முறைகூட டூ சொன்னதில்லை. நான்தான் அதை உங்கள் மேல் திணித்துவிட்டேன். அது உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். இனி ஸீ என்றே வைத்துக்கொள்வோமா?"

இதைவிட மரியாதையாக ஒருவர் என்னை நடத்தியதில்லை. அதனால்தான் மிச்சத்தை அவர் சொல்ல முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்சத்தையும் சொன்னார். என் நிரல்கள் மிகவும் நேர்த்தியானவை. குழு என்னை மதிக்கிறது. ஆனால் அந்த அரைநேர வேலைக்கு, யார் எதை எப்போது செய்யவேண்டும் என்று நேருக்கு நேர் சொல்லுகிற ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வசனத்திலும் ஒரு ஸீ இருந்தது. சுத்தமான, மடித்து வைத்த துவாய் மாதிரி ஸீ.

என் வாயில் டூ இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் இப்போது நீங்கள் ஆகிவிட்டார். நான் ஆசைப்பட்டதும் அதைத்தான். இவ்வளவு மெனக்கெட்டுப் பழகிய ஒரு சொல், பிரயோசனப்பட்டது ஒரு முழங்காலுக்கு மட்டும்.

"நன்றி தெரிவிக்கப்படுகிறது," என்றேன்.

அவர் சிரித்தார். இந்த முறையும் பகிடி என்று நினைத்துவிட்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். வெளியே வரும்போது உயரமானவர் காலுறையோடு வந்து கையைக் குலுக்கி, "நல்லா இரு" என்றார், டூ போட்டு. அவருக்கு ஒருவரும் இன்னும் அறிவிக்கவில்லை.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. மகள் கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, சப்பாத்து வைக்க இடம் ஒதுக்கித் தந்தாள்.

மனைவி குசினியில் இருந்து, "என்னவாம்? என்ன சொன்னவா?" என்றாள்.

"ஸீ எண்டு சொன்னவா."

அகப்பை நின்றது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த கிழமை வேலையற்றோர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின் இருக்கிறது என்றேன். பார்சல் களஞ்சியத்தில் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாரும் டூதானாம், அதற்குப் பயிற்சி எடுத்தாயிற்று என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல பகிடி என்று எனக்கும் படவில்லை.

அவள் கோப்பையில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, என் முன்னால் வைத்தாள்.

"சரி, விடும்," என்றாள். "சாப்பிடும்."

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் எனக்கு நீங்கள்தான் சொல்லிவந்தாள். "விடுங்கோ, சாப்பிடுங்கோ" என்றுதான் வரவேண்டும். இந்த நீர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கிட்ட வந்து சொன்னதா, ஒரு படி இறக்கிச் சொன்னதா, களைப்பில் வாய் தடுமாறியதா? அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் அவளை ஏதாவது ஒன்றாகக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்.

சாப்பிட்டேன். பருப்பில் உப்புக் கூடுதலாகப் போடப்பட்டிருந்தது.